டிரைவர் சைடு

"எல்லாம் சரியா இருக்குதுங்க அம்மணி. ஆனா லைட்டு எரியுது."

அத்தியப்பன் வந்து இப்படிச் சொன்னபோது, கோகிலவாணி ஒரு ஒயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள். தோலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்படின்னா லைட்டும் சரியாத்தான் இருக்குது. இல்லீங்ளாண்ணா?"

அத்தியப்பனுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியாமல் ஆறு மாதமாகிறது.

வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர். சத்தத்தை வைத்தே கியர் பெட்டியில் எந்தப் பல் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

லாரிப் பட்டறையில் வலது, இடது என்று கிடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் நின்றாலும், பின்னால் நின்றாலும், அடியில் படுத்தாலும் மாறாத பக்கங்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், வண்டிக்குள் ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் மூளை வந்தது. வண்டிகள் சத்தமே போடாமல் கெட்டுப்போகத் தொடங்கின.

ஒருநாள் தன் பட்டறையைப் பூட்டிவிட்டு, மலையடிவாரத்தில் கார்களுக்கு ஒயரிங் பார்க்கும் கோகிலவாணியிடம் வந்து நின்றார். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

"எனக்குச் சொல்லிக் குடுங்க அம்மணி."

அவள் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். தீட்சை முடிந்தது.

இன்றைக்கு வேப்பமரத்தடியில் நின்ற கார் செம்மலையுடையது. மலைமேல் இருக்கும் ஊர்களிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்குவது அவன் தொழில். எழுபது கொண்டை ஊசி வளைவு. மழைக்காலம் வேறு.

அந்தக் காரில் ஏ.பி.எஸ் இருந்தது. சக்கரத்துக்கு ஒரு சென்சார். இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன், இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன் என்று அது பெட்டியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈர ரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கும் அல்லவா? அப்படி இறுகவிடாமல் பெட்டி விட்டுப் பிடிக்கும். ஒரே ஒரு சென்சார் பேச்சை நிறுத்தினாலும் போதும், பெட்டி கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடும். மஞ்சள் விளக்கு எரியும்.

இரண்டு நாளாக எரிகிறது.

"மேஸ்திரி, கறுப்பு டேப்பு இருக்குதுங்ளா?" என்றான் செம்மலை.

"எதுக்கு?"

"லைட்டு மேல ஒட்டிருங்க. நான் பாத்தாத்தானே அது எரியும்?"

"வெளையாடாதே."

"வெளையாட்டு இல்லீங்க. மேல பூவாயிக்கு நேத்தே நாள் தாண்டிருச்சு. தலைப்பிரசவம். பன்னெண்டு மணிக்கு நான் ஏறியாகணும். லைட்டு எரிஞ்சாலும் ஏறுவேன், அணைஞ்சாலும் ஏறுவேன்."

வானம் கறுத்துக் கிடந்தது. அத்தியப்பனின் கை தானாக டேப்பைத் தேடிப் போனது.

கோகிலவாணியே ஒரு துண்டைக் கிழித்து நீட்டினாள்.

"ஒட்டுங்ணா. ஒட்டிட்டு நீங்களும் கூட ஏறுங்க. எறங்கும்போது பூவாயி பக்கத்துல உக்காந்துக்குங்க."

டேப்பு அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார். இன்னொரு விரலில் ஒட்டியது.

செம்மலை சிரிக்கவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டான்.

"என்ன செஞ்சீங்கன்னு மொதல்ல இருந்து சொல்லுங்ணா."

"ஸ்கேனரை மாட்டுனேனுங்க. பொட்டி ஒரு நம்பர் சொல்லுச்சு. புஸ்தகத்துல அந்த நம்பரைத் தேடுனேன்."

அது அத்தியப்பன் பழைய புத்தகக் கடையில் பிடித்த புத்தகம். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் வரிக்கு வரி தமிழில் எழுதியிருந்தார். அட்டையில் செம்பட்டை முடிக்காரன் ஒருவன் காரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். வாங்கி வந்த அன்றே அத்தியப்பன் அதைக் காட்டி, "பாருங்க அம்மணி, படத்தைக்கூட மாத்தி அச்சடிச்சிருக்கானுங்க. ஸ்டீரிங் அந்தப் பக்கம் போயிருச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அவள் அன்றைக்கு அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"புஸ்தகம் என்ன சொல்லுச்சு?"

அவர் விரல் வைத்துப் படித்தார். "ஓட்டுநர் பக்க முன்சக்கர சென்சார். மின்சுற்று அறுந்துள்ளது."

"அப்புறம்?"

"டிரைவர் சைடு முன்சக்கரத்தைக் கழட்டுனேன். புது சென்சார் போட்டேன். நம்பரை அழிச்சேன். லைட்டு அணைஞ்சுது. கேட்டு வரைக்கும் ஓட்டுனேன். எரிஞ்சுது. மறுபடி ஒரு புது சென்சார் போட்டேன். அணைஞ்சுது. கேட்டு வரைக்கும் ஓட்டுனேன்."

"எரிஞ்சுது."

"எரிஞ்சுதுங்க. ஒயருல ரெண்டு முனையிலயும் மீட்டர் வெச்சேன். அறுபடல. சென்சார் எண்ணுற பல் சக்கரத்தை பிரஷ் போட்டுத் தேச்சேன். பளபளன்னு இருக்குது. பொட்டி பொய் சொல்லுதுங்க அம்மணி."

"பொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப புஸ்தகம் பொய்."

"புஸ்தகமும் நெசத்தைத்தான் எழுதியிருக்குது."

"அப்ப நான் பொய்யுங்களா?"

"சேச்சே. நீங்க சொன்னதும் நெசந்தான்."

அத்தியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்று பேரும் நிஜம் பேசுகிறார்கள். விளக்கு எரிகிறது. லாரி என்றால் இந்நேரம் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் கோகிலவாணி. "இந்தப் புஸ்தகத்தை எழுதுனவர் எங்க உக்காந்து எழுதுனாருங்ணா?"

அவர் நன்றாக யோசித்தார்.

"நாற்காலியிலதானுங்களே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எழுந்தாள். காரின் கதவைத் திறந்து ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க."

அவர் சுற்றிப் போய் அடுத்த சீட்டில் ஏறினார்.

"ஓட்டுங்க."

"ஏனுங்?"

"வண்டியை ஓட்டுங்கன்னேன்."

அத்தியப்பன் தன் முழங்காலுக்கு முன்னால் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"அம்மணி, ஸ்டீரிங் உங்க கையில இருக்குது. நான் கிளீனர் சைடுல உக்காந்திருக்கறேன்."

"அப்படிங்ளா?"

அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து, அவர் முழங்காலுக்கு முன்னால், டேஷ்போர்டில் சாய்த்து வைத்தாள். அட்டை அவரைப் பார்த்தபடி.

பிறகு ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது. எதிர்ச்சாரியில் செம்மலை போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான்.

செம்பட்டை முடிக்காரன் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் கையில் ஸ்டீரிங். இடது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டிருந்தான்.

அத்தியப்பன் தன் இடது முழங்கையைப் பார்த்தார்.

அதுவும் ஜன்னலில்தான் இருந்தது.

சினிமாவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். எத்தனை வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"அம்மணி..."

"சொல்லுங்ணா."

"அப்ப இது மாத்தி அச்சடிச்சது இல்லீங்களா?"

அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அத்தியப்பன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். அந்தப் பக்கத்து முன்சக்கரத்தின் முன்னால் மண்டி போட்டார். இரண்டு நாளில் ஒருமுறைகூட அவர் மண்டி போடாத பக்கம்.

உள்ளே கைவிட்டு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் அது நனைந்த நூல்போல மடங்கியது. தோல் முழுசாக இருந்தது. கீறிப் பார்த்தார். உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. வண்டி நின்றால் இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும். ஓடினால் விலகிவிடும்.

வெட்டி, முறுக்கி, சால்டர் வைத்தார். உறை போட்டார். நம்பரை அழித்தார். கேட்டு வரைக்கும் ஓட்டினார்.

எரியவில்லை.

கேட்டைத் தாண்டினார். ரோடு நனைந்திருந்தது. யாரும் வராத நேரம் பார்த்து ஓங்கி மிதித்தார். காலுக்கு அடியில் பெட்டி தடதடவென்று விட்டுப் பிடித்தது. கார் நேராக நின்றது. அவருக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் வழுக்கியது.

திரும்பி வந்து இறங்கினால், செம்மலை மழையில் ஓடி வருகிறான். போன் காதிலேயே இருந்தது.

"வலி எடுத்துருச்சாம். ஆச்சுங்ளா மேஸ்திரி?"

"ஆச்சு. ஏறு."

அவன் ஏறிச் சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்தது. அணைந்தது. அப்படியே இருந்தது.

டேப்புத் துண்டு இன்னும் அத்தியப்பனின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. காருக்கு முன்னால், செம்மலைக்கு நேர் எதிரே, மழையில் நின்றார்.

செம்மலை தலையை வெளியே நீட்டினான்.

"எந்தப் பக்கமுங்க கோளாறு இருந்துச்சு?"

அத்தியப்பன் வலது கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பார்த்தார். கீழே போட்டார். இடது கையைத் தூக்கினார். அதையும் பார்த்தார்.

பட்டறைக்குள்ளிருந்து கோகிலவாணி எட்டிப் பார்த்தாள்.

அவர் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டே சொன்னார்:

"மொதல்ல நீ எங்க உக்காந்திருக்கறேன்னு சொல்லு, செம்மலை."