கழுவிய நண்டும் குடத்து நண்டும்

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை அதன் வாசலில் நண்டு விற்க ஒருவருக்குத்தான் அனுமதி. ஆறு வருடங்களாக அந்த ஒருவர் ஞானப்பூ. கணவர் கரைக்குக் கொண்டுவரும் வலையிலிருந்து நண்டுகளைத் தன் கையாலேயே பிரித்தெடுத்து, முதல் பேருந்தில் ஏறி வருவார். வாரம் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தாலும், ஒரே மணி நேரத்தில் கூடை காலியாகும் இடம் அவருக்கு அது ஒன்றுதான்.

இந்த வருடம் குடியிருப்புச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: கடலுக்குக் கேடில்லாமல் பிடித்து விற்பவர்களுக்கு ஒரு நிறுவனம் தரும் பச்சை முத்திரை பெற்றவருக்கே இனி வாசல். அதைக் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் சாருமதி. முத்திரையின் முதல் விதி, முட்டை சுமக்கும் நண்டை விற்கக் கூடாது என்பது.

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஊரில் அந்த விதி முத்திரைக்கு முன்பே உண்டு. வலையில் முட்டையோடு சிக்கும் நண்டைக் கரையிலுள்ள கடல்நீர்த் தொட்டியில் விடுவார்கள். குஞ்சு பொரிந்ததும் தொட்டி நீரோடு எல்லாம் கடலுக்குப் போகும். ஆனால் முத்திரை வேண்டுமென்றால் கணினியில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் நிரப்ப வேண்டும். அதை நிரப்பியவர் டென்சில் என்ற இன்னொரு நண்டு வியாபாரி. குளிர்பெட்டி வேன், கையுறை, பளிச்சென்ற பச்சை ஸ்டிக்கர் எல்லாம் அவரிடம் இருந்தன.

"மேடம், ஆறு வருசமா என் கையால நண்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கீங்க. காகிதத்த விடுங்க. ரெண்டு கூடையையும் கொட்டிப் பாருங்க. முட்டையோட ஒண்ணு இருந்தாலும் நான் இந்தப் பக்கமே வரல," என்றார் ஞானப்பூ.

சாருமதி ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாசலில் மேசை போட்டார்கள்.

டென்சிலின் பெட்டியில் நாற்பது நண்டுகள். அத்தனையும் மல்லாக்க அடுக்கியிருக்க, வயிறுகள் வெள்ளையாக மின்னின. ஒன்றில்கூட முட்டை இல்லை. ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற பிரஷ் ஒன்று கிடந்தது. அதன் மயிர்களுக்கிடையே ரவை போல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"எவ்வளவு சுத்தம் பாருங்க," என்றார் ஒரு வீட்டுக்காரர்.

"தேச்சுக் கழுவாம ஒரு நண்டும் நம்ம வண்டில ஏறாது சார்," என்றார் டென்சில்.

ஞானப்பூவின் கூடையில் இருபத்திரண்டு. அதிலும் முட்டை இல்லை. ஆனால் காலடியில் ஈரத்துணி மூடிய குடம் ஒன்று இருந்தது. சாருமதி துணியை விலக்கினார். கடல்நீரில் உயிரோடு இரண்டு நண்டுகள். இரண்டின் வயிற்றிலும், பொரியும் நாள் நெருங்கிக் கறுத்துப்போன முட்டைக் கொத்து.

"என்னக்கா, குடத்துக்குள்ள பிரசவ வார்டே வச்சிருக்க!" என்றார் டென்சில். கூட்டம் சிரித்தது.

"அது விக்கதுக்கு இல்ல மேடம். ஞாயித்துக்கிழம சர்ச்சுல பூசை முடிஞ்சுதான் தொட்டிக்காரர் கதவைத் திறப்பாரு. வெறுமன விட்டுட்டு வந்தா வெயில்ல செத்துரும்னு கூடவே தூக்கியாந்தேன்."

"முட்டையோட ஒண்ணு இருந்தாலும் வரமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் சாருமதி.

ஞானப்பூ டென்சிலின் பெட்டியிலிருந்து ஒரு நண்டை எடுத்தார். "மேடம், வயித்து மூடி ஒடுங்கியிருந்தா ஆண். இந்த மாதிரி அகண்டிருந்தா பெண். இவரு பெட்டில பாதிக்கு மேல பெண்ணு. மூடியத் தூக்கிப் பாருங்க. முட்டைய ஏந்துற நாரெல்லாம் பிய்ஞ்சு கிடக்கு. ஒரு விரலு போதும்."

சாருமதி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அதைப் பார்க்கத்தான் முத்திரைக்காரங்க இருக்காங்க. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, பாருங்க."

வாசல் டென்சிலுக்குப் போனது. அவர் பெட்டி முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஆறு வருடங்களாக, எப்போது பிடித்தது, எந்த வலை என்று துருவித் துருவிக் கேட்டவர்கள் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஞானப்பூ விற்காத கூடையைத் தலையிலும் குடத்தை இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

மேசை மேல் இருந்தது எல்லாம் உங்கள் முன்னாலும் இருக்கிறது. விதியை மீறியது எந்தக் கூடை? டென்சில், ஞானப்பூ, சாருமதி ஆகிய மூவரில் அந்த வாசலில் பெரிய தவறு செய்தவர் யார்?

விடை: மீறியது டென்சிலின் பெட்டி. பிரஷில் ஒட்டியிருந்த மஞ்சள் ரவை, வயிற்றிலிருந்து தேய்த்தெடுத்த முட்டை. பிய்ந்த நார்கள் அதற்குச் சாட்சி. ஆயிரமாயிரம் குஞ்சுகளைச் சாக்கடையில் கழுவி விட்டதற்குத்தான் சுத்தம் என்று பெயர் கிடைத்தது. ஞானப்பூவின் பிழை, யோசிக்காமல் வாக்குக் கொடுத்தது மட்டுமே. ஆனாலும் பெரிய தவறு சாருமதியுடையது. டென்சில் பிழைப்புக்காக ஏமாற்றினார். சாருமதிக்கோ உண்மை ஒரு விரல் தூரத்தில் இருந்தது. விரல் நாறும் என்று ஸ்டிக்கரை நம்பினார். அவரைப் போன்றவர்கள் வரிசையில் நிற்கும்வரை பிரஷுக்கு வேலை இருக்கும். குடத்து நண்டுகள் இரண்டும் செவ்வாய்க்கிழமை தொட்டியில் குஞ்சு பொரித்தன. அதற்கு யாரும் முத்திரை குத்தவில்லை.