நாற்பத்தொன்றாவது பொட்டு

ஆறு கடலில் சேரும் இடத்தில் சங்குமேடு என்றொரு ஊர். அங்கிருந்த வைத்தியசாலைக்கு ஆசான் வெயிலுகந்தாள். நாற்பது வயதுகூட ஆகாதவள். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பருக்கோ அறுபது நெருங்கியிருந்தது. முப்பது வருஷம் நிலம் அளந்தவர். ஒரு விரற்கடை பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். அவர் அவளை "ஆசானே" என்பார்.

அந்த வருஷம் ஊரில் விஷக் காய்ச்சல் வந்தது. ஆசானின் கஷாயத்தில் நாற்பத்தொரு பேர் பிழைத்தார்கள். யார் எத்தனையாவது நாளில் எழுந்தார் என்று எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் போடச் சொன்னாள் ஆசான்.

ஆவுடையப்பர் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். நூல் பிடித்துக் கீழே ஒரு கோடு. கோட்டில் ஒன்று முதல் முப்பது வரை நாட்கள், சம இடைவெளியில். ஒருவர் எழுந்த நாளுக்கு நேர் மேலே கட்டைவிரலால் ஒரு காவிப் பொட்டு. அதே நாளில் இன்னொருவர் எழுந்திருந்தால் அதன் தலைமேல் இன்னொன்று.

முடிந்தபோது எட்டாம் நாளின் மேல் பதினோரு பொட்டுகள் நின்றன. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து, இந்தப் பக்கம் நாலிலும் அந்தப் பக்கம் பதினொன்றிலும் இறங்கியது. பார்க்க ஒரு குன்று போல இருந்தது. குன்றை விட்டு வெகுதூரத்தில், இருபத்தாறின் மேல், ஒற்றைப் பொட்டு.

வருகிறவர்களை எல்லாம் அவர் சுவர் முன்னால் நிறுத்துவார். "எட்டு நாள். எட்டு நாளில் எழுந்திருச்சிருவீங்க" என்பார். சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிரும்.

பௌர்ணமியன்று ஏழூர் வைத்தியர்கள் சுவரைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அன்றே ஆவுடையப்பர் கொஞ்சம் சுண்ணாம்பு குழைத்து, அந்த ஒற்றைப் பொட்டின் மேல் தடவிவிட்டார்.

ஐந்து நாள் கழித்து ஆசான் சுவர் முன் நின்று எண்ணினாள்.

"நாற்பதுதான் இருக்கு, அண்ணாச்சி."

"ஒண்ணை எடுத்துட்டேன், ஆசானே. கூட்டத்தோட ஒட்டாம தனியாக் கிடந்தது. படத்தைக் கெடுத்தது."

"யாருடையது?"

"காளவாயில் சிப்பி சுமக்கிற உலகம்மை."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

ஆவுடையப்பர் சிரித்தார். "நாற்பத்தொண்ணில் ஒரு பொட்டு. அது இருந்தால் என்ன, போனால் என்ன, ஆசானே?"

ஆசான் கஷாயக் கலயத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்க. அவங்ககிட்டயே கேட்போம்."

சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயை ஒட்டிப் பத்துக் குடிசைகள். உலகம்மை வாசலிலேயே நின்றாள். ஆவுடையப்பரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என் பொட்டு எங்கே போச்சு, ஐயா?"

அவர் ஆசானைப் பார்த்தார்.

"இருபத்தாறு நாள் கிடந்தேன். பாடைக்கு மூங்கில்கூட வெட்டிட்டாங்க. எந்திரிச்சு வந்து இதே கையால சிப்பி சுமக்கேன். அந்தப் பொட்டைக் காட்டணும்னு சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தேனே, நினைவிருக்கா? எனக்கு அது போகட்டும். இங்கே வந்து பாருங்க."

பக்கத்துக் குடிசைக்கு அழைத்துப் போனாள். பாயில் பூலுடையான் கிடந்தான். காளவாய்க்கு நெருப்பு வைக்கிறவன். காய்ச்சல் கண்டு பன்னிரண்டாம் நாள். கண் குழிந்திருந்தது. அவன் மனைவி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"கஷாயம் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டாள் ஆசான்.

"நிறுத்திட்டோம், தாயி."

"ஏன்?"

"எட்டு நாளில் எந்திரிச்சிருவாருன்னு ஐயாதான் சொன்னாரு. ஒன்பது ஆச்சு, பத்து ஆச்சு, பதினொண்ணும் ஆச்சு, விடல. இந்த அக்கா, நான் இருபத்தாறு நாள் குடிச்சேன், நீயும் கொடுன்னு சண்டை போட்டா. நம்பாட்டி வைத்தியசாலைச் சுவரைப் போய்ப் பாருன்னா. போய்ப் பார்த்தேன், தாயி. பதினொண்ணுக்கு அப்புறம் வெறும் சுவராத்தான் இருந்துது. சரி, அதுக்கு மேல யாரும் பிழைக்கல போலன்னு வந்துட்டேன்."



ஆசான் உட்கார்ந்து பூலுடையானின் தலையை மடியில் ஏந்தி, கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பாதிக் கலயம் ஆனதும் ஆவுடையப்பர் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

வைத்தியசாலைக்குத் திரும்பியதும் அவர் முதலில் காவியைக் கரைத்தார். இருபத்தாறுக்கு நேரே நூல் பிடித்து, கட்டைவிரலை அழுத்திப் பொட்டு வைத்தார். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் காளவாய்க்குக் கஷாயம் சுமந்தது அவர்தான்.

பௌர்ணமி வந்தது. ஏழூர் வைத்தியர்களும் சுவர் முன் கூடினார்கள். மூத்தவர் ஒருவர் குன்றைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆக, எட்டு நாள்."

"எட்டு நாளில் நிறையப் பேர், ஐயா. நாலில் எழுந்தவரும் உண்டு, இருபத்தாறில் எழுந்தவரும் உண்டு" என்றார் ஆவுடையப்பர். "இருபத்தாறில் எழுந்தவர் உலகம்மை. அதோ நிற்கிறாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் உலகம்மை நின்றாள். அவள் தோளைப் பிடித்தபடி, எலும்பும் தோலுமாக, பூலுடையான். முந்தின நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அது பத்தொன்பதாம் நாள். வண்டியில் வரச் சொல்லியும் கேட்காமல் நடந்தே வந்திருந்தான்.

ஆவுடையப்பர் காவிக் கிண்ணத்தை எடுத்தார். பூலுடையானின் கட்டைவிரலை அதில் தோய்த்து, பத்தொன்பதுக்கு நேரே கொண்டுபோய் வைத்தார்.

பூலுடையான் பின்னால் நகர்ந்து பார்த்தான். குன்றைப் பார்த்தான். தன் பொட்டைப் பார்த்தான். தலை தாழ்ந்தது.

"எல்லாரும் எட்டு, ஒன்பதுன்னு எந்திரிச்சிருக்காங்க. எனக்குத்தான் இத்தனை நாள். என் உடம்புதான் சோடையா, தாயி?"

ஆசான் அவன் பக்கத்தில் வந்து நின்று சுவரைப் பார்த்தாள்.

"எட்டு நாள் அந்தக் காய்ச்சலோட மல்லுக்கட்டினவங்க பதினோரு பேர். பத்தொன்பது நாள் மல்லுக்கட்டினது யார் யாருன்னு எண்ணிச் சொல்லுங்க."