ஒன்பது பாட்டு பாடிய கரிச்சான்

மூங்கில் காட்டுக்கு ஒரு கரிச்சான் குருவிதான் காவல். உயரமான மரத்தில் உட்கார்ந்திருக்கும். செந்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டதும் பாடும். பாட்டைக் கேட்டால் யாரும் நின்று யோசிக்கக் கூடாது, அது சொல்லும் இடத்துக்கு ஓட வேண்டும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம்.

கரிச்சானுக்கு வீம்பு அதிகம். மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று என்று ஒன்பது கூட்டத்துக்கும் ஒன்பது பாட்டு கட்டி வைத்திருந்தது. மெட்டுதான் வேறு, அந்தந்தக் கூட்டம் தன் மெட்டுக்குத்தான் ஓடும். சேதி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: "செந்நாய் வருது, ஓடையைத் தாண்டு!"

அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு முயல் குடும்பம். ஒரு தாயும் மூன்று குட்டிகளும். தாய் முயல் ஒருநாள் மரத்தடிக்கு வந்தது.

"அண்ணே, எதுக்கு இத்தனை பாட்டு? ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க. பேர் வர்ற இடத்துல மட்டும் மான்னோ முயல்னோ மாத்திப் பாடுங்க. நாளைக்குச் சேதி மாறினா ஒரு இடத்துல திருத்தினாப் போதுமே!"

"மானுக்குப் பாடுறதையே உனக்கும் பாடணுமா? மான் கூட்டம் கோவிச்சுக்கும்! ஆளுக்கொரு பாட்டு இருந்தாத்தான் எனக்கு மதிப்பு! போய் உன் வேலையைப் பாரு!"

அந்த ஐப்பசியில் மலையில் பேய்மழை பெய்தது. ஓடையில் வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடியது. இறங்கினால் யானையே தடுமாறும்.

"இனிமே பாறை மேட்டுக்குத்தான் ஓடச் சொல்லணும்!" என்று கரிச்சான் பாட்டுகளைத் திருத்தத் தொடங்கியது. முதலில் மான் பாட்டு. அதை மான்களிடம் பாடிக் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டது. பிறகு பன்றிப் பாட்டு. இப்படியே எட்டாவது பாட்டு முடிவதற்குள் அதற்குத் தொண்டை வறண்டுவிட்டது. "அப்பாடா, எல்லாம் ஆச்சு!" என்று இறகைக் கோதிக்கொண்டது. முயல் பாட்டு அதன் நினைவுக்கே வரவில்லை. பாவி!

மறுநாள் காலையில் செந்நாய்கள் வந்தன. கரிச்சான் வரிசையாகப் பாடியது. மான்கள் பாறை ஏறின. பன்றிகள் ஏறின. கடைசியாக, வாய்க்குப் பழகிய பழைய முயல் பாட்டு அப்படியே வந்தது.

"செந்நாய் வருது, ஓடையைத் தாண்டு!"

குட்டிகள் யோசிக்கவில்லை. அப்படித்தானே தாய் அவற்றை வளர்த்திருந்தது.

"நில்லுங்கடா! இறங்காதீங்க!" என்று தாய் கதறிக்கொண்டே ஓடி வந்தது. வெள்ளத்தின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. மூன்று குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன. ஒன்றுகூட அக்கரை சேரவில்லை.

கரிச்சான் பதறியடித்துக்கொண்டு கீழே பறந்து வந்தது. "ஐயோ, தங்கச்சி! நாய் நெருங்கிருச்சு! பாறைக்கு ஓடு!"

தாய் முயல் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே நின்றது. செந்நாய்கள் வந்து சேர்ந்தபோதும் அது அங்கேயேதான் நின்றது.

அன்றைக்கே கரிச்சான் எல்லாப் பாட்டையும் ஒரே பாட்டாக்கியது. பேர் வைக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டது. அங்கே முயலின் பேரை வைத்துப் பாட அதற்கு வாய்க்கவே இல்லை.

ஒரே சேதியை ஒன்பது இடத்தில் வைத்திருப்பவர் மாற்றவேண்டிய நாளில் ஓர் இடத்தை மறந்துவிடுவார். அந்த மறதிக்கு உயிரைக் கொடுப்பது வேறொருவராக இருக்கும்.