இரண்டாவது ஜாய்ஸ்டிக்

சீடனுக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்று. அது அப்படித்தான். மேலே கேளுங்கள்.

குருவின் பெயர் பெனிலா. திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில், பழைய டிவியும் ரேடியோவும் பழுது பார்க்கிறவள். சாயங்காலம் நாலு பேருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பாள். சீடன் சுயம்புலிங்கம். தனி ஆள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்று வகுப்பில் சேர்ந்தவன்.

ஒருநாள் செல்போனை அவள் முன்னால் நீட்டினான்.

“டீச்சர், இதைப் பாருங்க.”

படத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி. டிவியில் மாட்டி, கேசட் செருகி, இரண்டு பேர் விளையாடுவது. முப்பது வருஷத்துக்கு முந்தியது. இப்போது கிடைக்காது. பெங்களூரில் ஒருத்தர் அட்டைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

“விலையைக் கேட்டாத் தலை சுத்துது. வாங்கவா? இல்ல, நானே ஒண்ணு செஞ்சிரவா?”

“யாரு விளையாட?”

“நானும் தம்பி இசக்கியும்.”

“அவரு எங்க இருக்காரு?”

“பாளையங்கோட்டை.”

பஸ்ஸில் இருபது நிமிஷம். பெனிலா நிமிர்ந்து பார்த்தாள்.

“பேசி ஒம்பது வருஷம் ஆச்சு. அம்மா போன பிறகு வீட்டை வித்தேன். எல்லாம் பேசி முடிச்சிட்டு அவன்கிட்ட வந்து கையெழுத்து கேட்டேன். போட்டான். அத்தோட சரி.”

“ம்.”

“சும்மா கூப்பிட்டா வரமாட்டான். இந்தப் பெட்டி இருக்குன்னா வருவான். சின்ன வயசுல அவனுக்கு உசிரு இது. சொல்லுங்க, வாங்கவா, செய்யவா?”

“செஞ்சு கொண்டாங்கண்ணே. அப்புறம் சொல்றேன்.”

“செஞ்ச பிறகு சொல்லி என்னத்துக்கு?”

“கடையைப் பூட்டணும். கெளம்புங்க.”

அவனை அண்ணே என்று கூப்பிட அந்த ஊரில் இப்போது அவள் ஒருத்திதான். கிளம்பினான்.

ஐப்பசி முழுக்க மழை. சுயம்புலிங்கம் வீட்டில் உட்கார்ந்து அறுத்தான், அரத்தால் ராவினான், ஈயம் பற்றவைத்தான். உள்ளே ஒரு சின்ன போர்டு, அதில் பழைய ஆட்டங்கள். பெட்டியும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் அவன் கை வேலை. பெங்களூர்க்காரர் போட்ட படத்தைப் பெரிதாக்கி, ஒரு நூல் பிசகாமல் செய்தான். பரோட்டா பார்சல் ஆறிக் கிடக்கும். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை.

முதல்முறை கொண்டுவந்தபோது பெனிலா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து போர்டைப் பார்த்தாள்.

“பத்தவச்ச ஈயம் மங்கலா இருக்கு. சூடு பத்தல. எடுத்துட்டுத் திரும்ப வைங்க.”

“எல்லாத்தையுமா?”

“மங்கலா இருக்கிறதை.”

எல்லாமே மங்கல்தான்.

கார்த்திகையில் பெட்டி வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க சுயம்புலிங்கம் டேங்க் சண்டை ஆட்டம் போட்டுப் பார்த்தான். வலது கையில் ஒரு ஜாய்ஸ்டிக், இடது கையில் ஒன்று. இடது கை தோற்றுக்கொண்டே இருந்தது. “ஏலேய், மறுபடி தோத்துட்டியே” என்றான் சத்தமாக. அப்புறம் டிவியை அணைத்துவிட்டான்.

மறுநாள் கடைக்குத் தூக்கிவந்தான்.

“அச்சு அசல், டீச்சர். பெங்களூர்க்காரரே ஏமாந்துபோவாரு.”

“தம்பியைக் கூப்பிட்டாச்சா?”

“நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா...”

பெனிலா ஒரு டிவியில் மாட்டினாள். முதல் ஜாய்ஸ்டிக்கை அவனே எடுத்துக்கொண்டான். இரண்டாவது அவளுக்கு. ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினாள்.

பாதியில் ஒரு வாடிக்கையாளர் மிக்ஸியோடு படியேறி வந்தார்.

“ஒரு நிமிஷம். எதை அமுக்கினா ஆட்டம் நிக்கும்?” என்றாள் பெனிலா.

“உங்களுதுல கிடையாது. ஸ்டார்ட் பட்டன் எங்கிட்டதான். ஆரம்பிக்கணும்னாலும் நிறுத்தணும்னாலும் என்னைக் கேக்கணும்.” சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இசக்கி தண்ணி குடிக்கப் போகணும்னாக்கூட எங்கிட்டதான் கெஞ்சணும். நானா நிறுத்துவேன்? அவன் திரும்பி வர்றதுக்குள்ள அவன் டேங்க் காலி!”

டிவியில் பெனிலாவின் டேங்க் வெடித்தது.

அவள் மிக்ஸியை வாங்கி வைத்தாள். ஆளை அனுப்பினாள். திரும்பி வந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“பழைய பெட்டியிலயும் இப்படித்தானா?”

“இப்படியேதான். ரெண்டாவதுல ஸ்டார்ட் பட்டன் வைக்கவே இல்ல அவங்க.”

“சரி. இதுல யாரு வைக்கல?”

சுயம்புலிங்கம் தன் கையிலிருந்த ஸ்டார்ட் பட்டனைப் பார்த்தான். டிவியில் ஆட்டம் தொடங்கச் சொல்லி எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

பெனிலா கை டிரில்லை எடுத்து மேஜையில் அவன் பக்கம் தள்ளினாள். உதிரிச் சாமான் பெட்டியைத் துழாவி ஒரு சின்ன பட்டனைப் பொறுக்கி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு மிக்ஸியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள்.

அவன் பென்சிலை எடுத்தான். ஜாய்ஸ்டிக்கின் நடுவில் வைத்தான். ஓரத்தில் வைத்தான்.

“எங்க போடட்டும், டீச்சர்?”

அவள் மிக்ஸியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உங்க தம்பி விரலுண்ணே. அவரைக் கேளுங்க.”