இணை இயக்குநர் வாங்கிய ஐந்து பொன்னாடைகள்

ஆசிரியர்கள் தங்கள் வசதிக்கு வீட்டிலிருந்தே படிக்க இணையப் பாடம் ஒன்றைச் செய்து முடித்திருந்தாள் வேல்மங்கை. அவள் பயிற்சி அலுவலகத்தின் தற்காலிகப் பணியாளர். அதன் தொடக்க விழாவுக்கு முந்தின நாள் இணை இயக்குநர் சிங்காரவடிவேலு வந்து பார்த்தார்.

“இது என்ன பட்டன்?”

“நிறுத்தி வச்சுட்டு, விட்ட இடத்திலேர்ந்து தொடரலாம் சார்.”

“எடுத்துடு! நடுவுல எழுந்தா முதல்லேர்ந்து பார்க்கட்டும். முதல் பாடமே என்னோட ரெண்டு மணி நேரப் பேச்சாக்கும்.”

“சரிங்க சார். அப்போ முதல் மாணவரா நாளைக்கு மேடையில நீங்களே உட்காரணும்.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் கணினி முன் உட்கார்ந்தார். ‘இருக்கிறீர்களா?’ என்று திரை நிமிடத்துக்கொரு முறை கேட்கும். பதில் அழுத்தாவிட்டால் பாடம் முதலுக்குப் போய்விடும். ஆசிரியர் சங்கத் தலைவர் பொன்னாடையோடு வந்தார். எழுந்து வாங்கிக்கொண்டு திரும்பினால், பேச்சு முதலிலிருந்து ஓடியது. அடுத்து செயலாளர் வந்தார். பிறகு பொருளாளர், இன்னும் இருவர். ஐந்து பொன்னாடை விழுந்தும் பேச்சு ‘பெரியோர்களே, தாய்மார்களே’யைத் தாண்டவில்லை.

“ஏம்மா, விட்ட இடத்திலேர்ந்து பார்க்க வழியே இல்லையா?”

“இருந்துச்சு சார், நேத்து எடுத்துட்டோம். ஓராசிரியர் பள்ளி டீச்சரும் பிள்ளைங்க கூப்பிட்டா எழுந்துதானே ஆகணும்?”

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

“திரும்பப் போட்டுடும்மா. இத்தனை பேர் வயித்தெரிச்சலையும் கொட்டிக்க இருந்தேன். நீ நல்லா இருக்கணும்!”

அவள் அங்கேயே கணினி முன் உட்கார்ந்து பட்டனைப் போட்டாள். அவர் தம் தோளிலிருந்த பொன்னாடை ஒன்றை எடுத்து அவளுக்குப் போர்த்த நீட்டினார்.

“ஒரு நிமிஷம் சார்” என்றவள், திரையில் ஓடிய அவர் பேச்சை அந்தப் பட்டனால் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.