சிக்ஸ்த் பெர்த்

சிலுவை அண்ணாச்சிக்கு அன்னிக்கு மத்தியானச் சோறு இறங்கவே இல்ல. மறுநாள் காலைல ரேடியோல இங்கிலீஷ்ல பேசிக் காட்டுற டெஸ்ட்.

பெரிய கப்பலைக் கரைக்கு இழுத்துட்டு வர்ற படகுல அவருக்குப் பாதி ஆயுசு போயிருச்சு. டெஸ்ட்ல பாஸானா அந்தப் படகுக்கு அவர்தான் கேப்டன். இல்லன்னா, அவர்கிட்ட கயிறு போடக் கத்துக்கிட்ட ரூபன் கேப்டன் ஆவான். இவர் அவனுக்குக் கயிறு போடணும்.

மத்த வார்த்தையெல்லாம் வாயில வந்துருச்சு, ஒண்ணு மட்டும் வரல. துறைமுகத்துல கப்பல் கட்டுற இடத்துக்கு பெர்த்னு பேரு. ஆறாவது இடம் சிக்ஸ்த் பெர்த். அந்த 'க்ஸ்த்'துல போய் நாக்கு மாட்டிக்கும். நிதானமா சொன்னா சிக்கிசுத்து, அவசரமா சொன்னா சிஸ்து. படகுல இருந்த பயலுவ "சிஸ்து அண்ணாச்சி, டீ வேணுமா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டானுவ. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தா, பல்லு வலிக்குதான்னு வீட்டம்மா விசாரிக்கிறாங்க.

கடைசில ரேடியோ ரூம்ல வேலை பாக்குற பெனாசிர்கிட்ட போய் நின்னார். அவர் மக வயசுதான் அவளுக்கு. ஆனா டெஸ்டுக்குப் போற அத்தனை பேருக்கும் அவதான் குரு.

"அந்த ஒரு வார்த்தை மட்டும் வர மாட்டேங்குதும்மா. என்ன செய்ய?"

சொல்லிக் காட்டுங்கன்னு கூட அவ கேக்கல. ஒரு வாக்கிடாக்கியைக் கையில குடுத்து, பக்கத்து ரூம்ல போய் உக்காரச் சொன்னா. இவர் கேப்டனாம், அவ துறைமுகத்துல இருந்து உத்தரவு குடுக்குற கன்ட்ரோலாம்.

கதவைச் சாத்தின உடனே வாக்கிடாக்கி கரகரத்துச்சு. உள்ள வர்ற கப்பலை சிக்ஸ்த் பெர்த்துக்குக் கொண்டு போகச் சொல்லி இங்கிலீஷ்ல உத்தரவு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும், ரேடியோல அதுதான் வழக்கம். சிலுவை வாயைத் திறந்தார், நாக்கு நகரல. சட்டுனு ஒரு யோசனை வந்துச்சு.

"ஓகே, ஓகே"ன்னுட்டார். அப்பாடா, தப்பிச்சாச்சு.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

மறுபடி ஓகே சொன்னார். யெஸ் சொன்னார். தேங்க்யூ கூட சொல்லிப் பார்த்தார். பேட்டரி போயிருச்சோன்னு வாக்கிடாக்கியைத் தட்டினார். தாங்க முடியாம எந்திரிச்சு அவ ரூமுக்கே வந்துட்டார்.

பெனாசிர் மேஜைல துறைமுக வரைபடத்தை விரிச்சு வச்சிருந்தா. அழிரப்பர்தான் அவரோட கப்பல். கப்பல் வர்ற பாதைக்கு நட்ட நடுவுல அப்படியே நின்னுச்சு. பின்னாடி இன்னொரு கப்பலா ஒரு ஸ்டேப்ளர். அதை ஒத்தை விரலால மெதுவா தள்ளிக்கிட்டே இருந்தா.

"என் கப்பல் ஏம்மா நடுவுல நிக்குது?"

"எங்க கொண்டு போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே, அண்ணாச்சி."

"சொன்னா தப்பா வருமேம்மா."

ஸ்டேப்ளர் ரப்பர்கிட்ட வந்துருச்சு. அவ விரலை எடுக்கல.

"தப்பா வந்தா நான் திருத்திருவேன். வாயை விட்டு வரவே இல்லன்னா எதைத் திருத்த?"