வாயைக் காட்டிவிட்டு உள்ளே வா

ஆறு வளைந்து போகிற இடத்தில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டின் நடுவில் யானை உயரத்துக்கு ஓர் உப்புப்பாறை நின்றது. முதல் மழை பெய்த மறுநாள் காலையில் எல்லா விலங்குகளும் அங்கே வரிசையாக வந்து உப்பு நக்கும். நக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் நாலு வரி சொல்ல வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம்.

எதைத் தேடுகிறாய், வாசலில் சொல்.
வாயைக் காட்டிவிட்டு வளைக்குள் செல்.
அண்டை அயலார் இருவர்முன் தேடு.
பிடிபட்டவர்க்குத் தண்ணீர் கொடு. பொழுது சாயுமுன் அரசர்முன் விடு.

இந்த வரிகள் எதற்காக வந்தன என்று யாருக்கும் நினைவில்லை. உப்பு மணம் மூக்கில் ஏறும்போது யாருக்குக் கவனம் இருக்கும்? கடகடவென்று ஒப்பித்துவிட்டு நாக்கை நீட்டுவார்கள்.

முள்ளாயி என்ற முள்ளம்பன்றி மட்டும் எப்போதும் வரிசையில் கடைசி. அவள் மிகவும் பயந்தவள். தன் முள் யார்மீதாவது பட்டு வம்பு வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள். அதனால் நூறு வாய் சொல்லி, நூறு தடவை அந்த நாலு வரியையும் கேட்டுவிடுவாள். தன் முறை வரும்போது உப்பு தேய்ந்து போயிருக்கும். வரிகள் மட்டும் அவள் மனத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காட்டுக்குப் புலி அரசர். ஒரு நாள் அவர் காலில் மூங்கில் முள் ஏறிப் புண்ணாகிவிட்டது. புண்ணுக்குப் போடுவதற்காகக் குகைக்கு மேலே பாறை விளிம்பில் தொங்கிய தேன்கூட்டைக் காவல் காக்கச் சொல்லியிருந்தார். காவலுக்கு இருந்தவை ஆறு செந்நாய்கள். ஒரு நாள் விடிந்து பார்த்தால் கூட்டைக் காணவில்லை.

"யாரோ திருடிட்டாங்க, அரசே!" என்றான் உறுமன். அவன்தான் செந்நாய்களுக்குத் தலைவன். எதையும் யோசிப்பதற்கு முன்னால் உறுமிவிடுகிறவன்.

"பொழுது சாயறதுக்குள்ள திருடன் என் முன்னால நிக்கணும்" என்றார் புலி. புண் வலியில் அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆறு செந்நாய்களும் உப்புப்பாறைப் பக்கம் பாய்ந்து வந்தன.

முள்ளாயியின் வளை பாறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு புங்கமரத்தடியில் இருந்தது. உள்ளே அவளுடைய குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து மூன்று நாள்தான். முள்ளெல்லாம் இன்னும் மயிர்போல மெத்தென்று இருந்தது. யாராவது தெரியாமல் மிதித்தால்கூடப் போதும், அது தாங்காது. முள்ளாயி மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள்.

முதலில் தும்பையன் என்ற முயலின் வளை. செந்நாய்கள் எதைத் தேடுகிறோம் என்று சொல்லவில்லை. வாசலைப் பிறாண்டி இடித்தன. காய்ந்த புல்லில் போட்டிருந்த படுக்கையை இழுத்து எறிந்தன.

"ஐயா, என்ன ஐயா? நான் என்ன செஞ்சேன்?" என்று தும்பையன் கத்தினான்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கோம். தள்ளு!"

முதலில் உள்ளே நுழைந்தது குட்டைவாலன் என்ற செந்நாய். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து தலையை ஆட்டினான். உறுமன் உள்ளே போய் ஒரு துண்டு தேனடையைக் கவ்விக்கொண்டு வந்து போட்டான்.

"இது என்ன?"

"ஐயோ, நான் புல்லுத் தின்னி ஐயா! எனக்குத் தேன் எதுக்கு?"

"அரசர்கிட்ட சொல்லு. பாறையைப் பார்த்து நில்லுடா!"

'வாயைக் காட்டிவிட்டு வளைக்குள் செல்.' அந்த வரி முள்ளாயியின் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் விழுங்கிக்கொண்டாள். நமக்கு எதற்கு? உள்ளே குட்டி இருக்கிறது.

அடுத்தது கீரியின் பொந்து. அதையும் இடித்தன. அங்கேயும் குட்டைவாலன்தான் முதலில் போனான். அங்கேயும் ஒரு துண்டு தேனடை கிடைத்தது. கீரியும் பாறையைப் பார்த்து நின்றது.

வெயில் ஏறியது. பாறை கொதித்தது. முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி நின்ற தும்பையனின் காதுகள் துவண்டு தொங்கின.

"ஒரு வாய் தண்ணி, ஐயா. ஓடை இதோ பக்கத்துலதான் இருக்கு."

"தேன் குடிச்சவனுக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும்" என்றான் உறுமன். மற்ற செந்நாய்கள் சிரித்தன.

குட்டைவாலன் மட்டும் சிரிக்கவில்லை. முள்ளாயி அதைக் கவனித்தாள். காலையிலிருந்து அவன் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. நாய் என்றால் வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும். இவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைச் சுற்றி இரண்டு தேனீக்கள் பறந்தன.

அப்போது உறுமன் திரும்பினான். நேரே புங்கமரத்தைப் பார்த்து நடந்தான்.

உள்ளே குட்டி பாலுக்காக மெல்ல முனகியது. தன்னைப் பாறையடிக்குக் கொண்டுபோனால் பொழுது சாயும்வரை இதற்கு யார் பால் கொடுப்பார்கள்? அதற்கு முன்னால் ஆறு பேர் உள்ளே புகுந்தால்?

அவள் வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் முள் சிலிர்த்து நின்றது. அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை. பயத்தில் அதுவாகவே நின்றது.

"அடேயப்பா, சண்டைக்கு நிக்கிறியா?" என்றான் உறுமன். "அரசர் வேலையைத் தடுத்தா என்ன ஆகும் தெரியுமா? முள்ளை இறக்கு!"

"தடுக்கலை, ஐயா" என்றாள் முள்ளாயி. குரல் நடுங்கியது. "என்ன தேடறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன தேடறோம்னு உனக்குத் தெரியாது? தேன்! அவ்வளவு உயரத்துல ஒரு முயல் தனியா ஏறுமா? முயல் கீழ நின்னுச்சு, கீரி மேல ஏறுச்சு. கூட்டை அறுக்கக் கூர்மையா ஏதாவது வேணுமில்ல? உன் முதுகு நிறைய இருக்கே!"

"நான் மரமே ஏற மாட்டேன், ஐயா."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான். நகரு!"

முள்ளாயி கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டையில் இருந்த வரி இந்தத் தடவை உள்ளே இறங்க மறுத்தது.

"உள்ள வாங்க. நான் நகர்ந்துக்கறேன். முள்ளையும் இறக்கிடறேன். ஆனா வாயைக் காட்டிட்டு வாங்க. அண்டை அயலார் ரெண்டு பேர் பார்க்கத் தேடுங்க. நாம எல்லாரும் உப்பு நக்கும்போது சொல்றதுதானே, ஐயா? நீங்களும் சொல்லியிருக்கீங்க. போன மழைக்கு எனக்கு நாலு பேர் முன்னால நின்னீங்க."

உறுமன் பல்லைக் காட்டினான்.

"சட்டமா பேசற? சட்டம் பேசறவ வீட்டுலதான் பொருள் இருக்கும். சரி, கூப்பிடு பார்ப்போம், யார் வர்றாங்கன்னு!"

முள்ளாயி சுற்றிப் பார்த்தாள். கிளையில் காட்டுக்கோழி உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து நடந்ததையெல்லாம் மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டிருந்த வம்புக்காரி அது.

"கோழியக்கா, வந்து பக்கத்துல நில்லுங்களேன்."

"நானா? நான் ஒண்ணையும் பார்க்கலையம்மா. எனக்கு இன்னிக்குக் கண்ணு சரியாத் தெரியலை" என்று கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கீழே ஓர் ஆமை இருந்தது.

"ஆமையண்ணே..."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

உறுமன் சிரித்தான். "ஆச்சா? நகரு."

அப்போது பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வறண்ட குரல் வந்தது. தும்பையன்தான். முகத்தைத் திருப்பாமலே பாறையைப் பார்த்துச் சொன்னான்: "எதைத் தேடுகிறாய், வாசலில் சொல்..."

"வாயை மூடுடா!"

"வாயைக் காட்டிவிட்டு வளைக்குள் செல்" என்றது கீரி.

"அண்டை அயலார் இருவர்முன் தேடு" என்று இரண்டும் சேர்ந்து சொன்னபோது, ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் தலை மெதுவாக வெளியே வந்தது.

"நான் ஒருத்தன் வரேன்" என்றது ஆமை. "ஆனா கொஞ்சம் நேரம் ஆகும்."

"ஆமையே தலையை நீட்டிடுச்சு, இனி நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கிளையில உட்காருவேன்?" என்று முணுமுணுத்தபடி காட்டுக்கோழி பட்டென்று கீழே குதித்தது.

இப்போது சாட்சி இரண்டு. உறுமனுக்கு வேறு வழியில்லை. "பார்த்துக்கங்க!" என்று வாயைப் பிளந்தான். ஒவ்வொரு பல்லும் முள்ளாயியின் கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்து நான்கு செந்நாய்கள் வாயைத் திறந்து காட்டின. ஒன்றின் வாயிலும் ஒன்றும் இல்லை.

குட்டைவாலன் திறக்கவில்லை.

"அவனுக்குப் பல்வலி" என்றான் உறுமன் அவசரமாக.

"பல்வலிக்காரர் வெளியிலேயே நிக்கட்டும், ஐயா" என்றாள் முள்ளாயி. "காட்டின வாயெல்லாம் உள்ள போகலாம். குட்டி தூங்குது. பார்த்துக் கால் வைங்க."

அவள் முள்ளை இறக்கிவிட்டு ஒதுங்கினாள்.

குழந்தைகளே, அவள் வாழ்நாளிலேயே நீளமான நேரம் அதுதான். ஒவ்வொரு செந்நாயாக உள்ளே போனது. வாசலில் ஆமை கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு கால் தரையில் பதியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் முள்ளாயிக்கு உயிர் போய் வந்தது. ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்றதும் கால்கள் எவ்வளவு மெதுவாக நடக்கின்றன! எதுவும் இடியவில்லை. எதுவும் பறக்கவில்லை. ஐந்தும் வெறும் வாயோடு வெளியே வந்தன.

"ஒண்ணும் இல்லை" என்றது கடைசியாக வந்த செந்நாய்.

"இருக்கணுமே!" என்று உறுமன் குட்டைவாலனைப் பார்த்தான். குட்டைவாலன் உறுமனைப் பார்த்தான். அவனை உள்ளே அனுப்பவும் முடியவில்லை. அவன் இல்லாமல் உள்ளே எதுவும் கிடைக்கவும் இல்லை.

உச்சி வெயில். தும்பையனையும் கீரியையும் வாட்டிய அதே வெயில் இப்போது குட்டைவாலன் தலைமீதும் இறங்கியது. முதலில் கண்ணில் நீர் வந்தது. பிறகு கடைவாயோரம் பொன் நிறத்தில் ஒரு சொட்டு வழிந்தது. பிறகு இன்னொன்று. தேனீக்கள் பத்து ஆயின, இருபது ஆயின.

"பல்வலிக்கு இவ்வளவு இனிப்பு ஆகாதே" என்றது காட்டுக்கோழி.

குட்டைவாலனால் முடியவில்லை. வாயைத் திறந்து ஹா, ஹா என்று இரைத்தான். சொத்தென்று மூன்று துண்டுத் தேனடை மண்ணில் விழுந்தது.

"எவ்வளவு நேரம்தாண்ணே அடக்கிக்கிட்டு இருக்கறது?" என்று அழாத குறையாகக் கத்தினான். "கூடு காத்துல தானா விழுந்துச்சுன்னு காலையிலேயே அரசர்கிட்ட போய்ச் சொல்லிடலாம்னு நான் சொன்னேனா இல்லையா? நீதான் 'திருட்டுன்னு சொல்லியாச்சு, இனி திருடன் வேணும்'னு சொன்ன!"

பாறையைப் பார்த்து நின்ற இரண்டு முகங்களும் இந்தப் பக்கம் திரும்பின. திரும்பக்கூடாது என்று சொல்ல எந்தச் செந்நாய்க்கும் வாய் வரவில்லை.

"இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு, ஐயா" என்றாள் முள்ளாயி. "அவங்களுக்குத் தண்ணி குடுங்க. அப்புறம் பொழுது சாயறதுக்குள்ள அரசர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்களும் போங்க."

ஓடையில் தும்பையன் தண்ணீர் குடித்த சத்தம் மரத்தடிவரை கேட்டது.

முள்ளாயி அரசரிடம் போகவில்லை. குட்டிக்குப் பால் கொடுக்க உள்ளே போய்விட்டாள். ஆமை தேனடைக்குக் காவலாக அங்கேயே இருந்தது. சாட்சி சொல்லப் போனது காட்டுக்கோழி. வெயில் தாழ்ந்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"கேளம்மா முள்ளாயி! நான் முதல்லயிருந்து கடைசிவரைக்கும் சொன்னேன். அரசர் உறுமனைப் பார்த்து, 'வாயைத் திற'ன்னார். திறந்தான். சொல்ல ஒரு சொல்லு இல்லை! 'முயல் வளையையும் கீரிப் பொந்தையும் இடிச்ச கால்களே தோண்டிக் குடுக்கட்டும், இனி எனக்கு நீங்க காவல் வேணாம்'னுட்டார்."

"அரசர் வேற ஒண்ணும் சொல்லலையா, அக்கா? பொழுது சாயறதுக்குள்ள திருடன் வேணும்னு கேட்டது அவர்தானே?"

கோழி அலகால் இறகைக் கோதியது.

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. புண்ணை நக்கிக்கிட்டுக் கீழ பார்த்துக்கிட்டு இருந்தார்."

அன்று தும்பையனுக்குப் படுக்கப் புல் இல்லை. முள்ளாயியின் வாசலுக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தான். காய்ந்த இலை ஒன்று உருண்டாலும் காது விறைத்து எழுந்து உட்கார்ந்தான்.

"தும்பையா" என்றாள் முள்ளாயி. "உன் வளைக்குள்ள அவங்க போனப்பவே எனக்கு அந்த வரி நினைவு வந்துச்சு. நான் சொல்லலை."

தும்பையன் கொஞ்சம் நெருங்கிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஆண்டு முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் உப்புப்பாறை முன் வரிசை நின்றது. முள்ளாயி வழக்கம்போலக் கடைசியில் நின்றாள்; பக்கத்தில் முள் முற்றிய குட்டி நின்றது. வரிசையின் முதலில் தும்பையன். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, நிதானமாகச் சொன்னான். உப்பு மணம் எல்லோர் மூக்கிலும் ஏறியது. ஆனாலும் அன்று அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

நீதி: தேட வருகிறவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதை அறிந்தவர், நடுங்கினாலும், அவர்கள் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும்போதே வாய் திறந்து கேட்க வேண்டும்.